எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓர் ஆசான்



டென்னிஸ் ஆட்டத்தில் நெடுங்காலமாக ஒரு விதி இருந்து வந்தது. ஒரு பிள்ளையைப் பல ஆண்டுகள் பழக்கிய பயிற்சியாளர், கடல் கடந்து அப்பிள்ளையைப் போட்டிக்கு அழைத்துச் செல்வார். ஆட்டம் தொடங்கிவிட்டால் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து அவர் வாய் திறவாதிருக்க வேண்டும். கையசைத்துக் குறிப்புக் காட்டினாலும் தண்டனை பிள்ளைக்கே. டேவிஸ் கோப்பை போன்ற அணிப் போட்டிகளில் மட்டும் அணித்தலைவர் ஆடுகளத்தின் ஓரத்தில் அமர்ந்து ஆலோசனை கூறலாம். 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இவ்விதியைத் தளர்த்தியது. போட்டியை நடத்துவோர் அனுமதித்தால், களத்துக்கு வெளியிலிருந்து சுருக்கமாக ஆலோசனை கூறலாம் என்பது இன்றைய நிலை.

விதி தளர்ந்தாலும் அம்மௌனத்தில் இருந்த பாடம் பழையதாகிவிடவில்லை என்பதே என் கருத்து. ஆசான் பேச முடியாத இடத்தில் மாணவன் எவ்வாறு நடந்துகொள்கிறானோ, அதுவே ஆசானின் உண்மையான மதிப்பெண். மனனப் போட்டிக்கு மாணவரை அழைத்துச் சென்று, அவையின் ஓரத்தில் நெஞ்சம் படபடக்க அமர்ந்திருக்கும் உஸ்தாதுமார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதன் கூர்மை சிறுவர் போட்டிகளில் இன்னும் மிகுதி. சர்வதேசச் சிறுவர் போட்டிகள் பலவற்றில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனி நடுவர் அமர்வதில்லை. தன் பக்கத்தில் விழும் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதை அந்தப் பிள்ளையே அறிவிக்க வேண்டும். ஐயம் ஏற்பட்டால் எதிராளிக்குச் சாதகமாகவே சொல்ல வேண்டும் என்பது விதி. எண்ணிப் பாருங்கள்: அந்நிய நாடு, பெற்றோர் செலவிட்ட பெருந்தொகை, ஊரில் காத்திருக்கும் உறவினர், இவ்வளவு சுமையோடு நிற்கும் பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் தன் வழக்குக்குத் தானே தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. இதைவிடத் தெளிவான அமானிதம் வேறு எது?

கோட்டின் மேல் விழுந்த பந்தைத் தம் மாணவன் 'வெளியே' என்று சொல்வதை வேலிக்கு அப்பாலிருந்து பயிற்சியாளர் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்நேரத்தில் அவர் குறுக்கிட இயலாது. ஆட்டம் முடிந்த பின் அவர் முதலில் எதைப் பேசுகிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 'வென்றாயே, போதும்' என்று அவர் தோளைத் தட்டினால், அப்பிள்ளை அன்று கற்றுக்கொண்டது டென்னிஸ் அன்று. 'அந்தப் பந்து உள்ளே விழுந்தது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்' என்று மென்மையாகச் சொல்லும் பயிற்சியாளரே பயணச் செலவுக்கு ஈடான ஒன்றைத் தந்தவர்.

அடுத்தது தோல்வி. விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பிரதானச் சுற்றில் 64 பேர் ஆடுகின்றனர். முதல் சுற்றோடு 32 பேர் வெளியேறுகின்றனர். இறுதியில் தோற்காமல் எஞ்சுபவர் ஒருவரே. 63 பேர் தோற்றவர்களாகவே ஒற்றையர் களத்தை விட்டு நீங்குகின்றனர். ஆகவே வெளிநாட்டுப் போட்டிக்குச் செல்லும் பயிற்சியாளரின் முதன்மையான பணி, தோற்ற பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பதுதான். வெற்றி பெற்றவரைத் தாங்க ஊரே இருக்கும்.

நம் தமிழகத்து வரலாறே இதற்குச் சான்று கூறுகிறது. நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், தம் தந்தை டி.கே. இராமநாதனிடம் ஆட்டம் பயின்றவர். 1954 இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவரே. இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பர். நான்கே ஆண்டுகளில், 1958 இல், அதே விம்பிள்டனில் ஆடவர் பட்டத்தை வென்றவர் அந்தக் கூப்பர்தான். கிருஷ்ணனோ 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அரையிறுதி வரை சென்றார். ஆடவர் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனால் அவருடைய பெருமை குறைந்ததா? இல்லை. 1979 இல் அவருடைய மகன் ரமேஷும் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். பதினேழு வயதில் கிடைக்கும் வெற்றியும் தோல்வியும் இறுதித் தீர்ப்பு அல்ல.

ஹைதராபாத்தில் வளர்ந்த சானியா மிர்ஸாவும் தந்தையிடம் பயின்றவரே. 2003 இல், பதினாறாம் வயதில், ரஷ்யாவின் அலிசா கிளெய்பனோவாவுடன் இணைந்து விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டத்தை வென்றார். அதே விம்பிள்டனில் மகளிர் இரட்டையர் பட்டம் 2015 இல்தான் கைகூடியது. இடையே பன்னிரண்டு ஆண்டுகள். மணிக்கட்டுக் காயங்களும் ஒற்றையர் ஆட்டத்தை விட்டு விலகியதும் அதற்குள் அடங்கும். அவருடைய உடையைப் பற்றி நம் சமுதாயத்தில் நிறையப் பேசினோம். அதில் மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆனால் மகளின் திறமையைத் தம் பொறுப்பாக ஏற்ற தந்தை இம்ரான் மிர்ஸாவின் உழைப்பைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

ஆவடியை அடுத்த நம் வெள்ளானூர்ப் பகுதியிலும் பிள்ளைகளைக் காலையில் விளையாட்டுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரை இப்போது காண்கிறோம். மகிழ்ச்சிக்குரிய மாற்றம் இது. ஒரு நாள் பிள்ளையை வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்ப நேர்ந்தால், 'எத்தனை கோப்பைகள் வாங்கித் தந்தீர்கள்' என்று மட்டும் பயிற்சியாளரிடம் கேட்காதீர்கள். பிள்ளை எங்கே, யாருடன் தங்கும்? இரவில் பொறுப்பாளர் யார்? ஹலாலான உணவுக்கு என்ன ஏற்பாடு? தொழுகை நேரங்களை அறிந்து இடம் தருவீர்களா? தோற்ற நாளில் பிள்ளையிடம் என்ன பேசுவீர்கள்? இவற்றுக்கு விடை சொல்லத் தயங்குபவரிடம் பிள்ளையை ஒப்படைப்பதற்கு முன் நன்கு யோசியுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தோற்றுத் திரும்பும் பிள்ளையிடம் செலவுக் கணக்கை எடுத்துச் சொல்லாதீர்கள். விமான நிலையத்தில் முதல் கேள்வி 'சாப்பிட்டாயா' என்பதாக இருக்கட்டும். இரண்டாவது, 'ஐயமான பந்துகளில் என்ன சொன்னாய்' என்பதாக இருக்கட்டும். ஆட்ட முடிவைப் பிள்ளை தானாகவே சொல்லும்.

நாம் உடன் வர முடியாத களங்கள் நம் பிள்ளைகளுக்கு நிறைய உண்டு. தேர்வுக்கூடம், அலுவலகம், அந்நிய நகரத்து விடுதி அறை ஆகிய எதிலும் நம் கையசைப்பு எட்டாது. அங்கே கோடு எது என்பதை அவர்களே பார்த்து, அவர்களே உண்மையாகச் சொல்ல வேண்டும். அதற்கான பயிற்சியை அருகில் இருக்கும்போதே கொடுத்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.