பந்து பிடிப்பார்க்கும் ஒரு பரிசில்

நம் கல்லூரி விளையாட்டு விழாவில் மிகுதியாக ஓட்டம் எடுத்தவர்க்கு ஒரு கிண்ணமும், மிகுதியாக விக்கெட்டு வீழ்த்தினவர்க்கு ஒரு கிண்ணமும் ஆண்டுதோறும் வழங்கப்படுகின்றன. களத்தில் நின்று பந்தைத் தடுத்தும் பிடித்தும் உழைப்பவர்க்கோ கைதட்டல் மட்டுமே. அதுவும் பந்து கையில் தங்கினால்தான். இது முறையன்று என்பது எம் துணிபு. அதனை நிறுவ வேண்டி ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

ஏக்நாத் சோல்கர் என்னும் பெயரை இக்கால மாணவருட் பலர் கேட்டிரார். அவர் 1948-ஆம் ஆண்டு பம்பாயிற் பிறந்தார். தந்தையார் அந்நகரத்து இந்து ஜிம்கானா மைதானத்தைப் பேணிவந்த ஊழியர். மைதானத்தின் ஓரத்தே இருந்த ஒற்றையறைக் குடிலிலேதான் குடும்பம் வாழ்ந்தது. பிறர் ஆடும் ஆட்டங்களுக்கு ஓட்டப் பலகையில் எண்களை மாற்றி வைப்பது சிறுவன் ஏக்நாத்தின் வேலையாயிருந்தது. பின்னாளில் அவர் ஆற்றிய பணியிற் பெரும்பகுதி எந்தப் பலகையிலும் ஏறாதது என்பதை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது.

1969-இல் ஐதராபாத்தில் நியூசிலாந்தாருக்கெதிராக இந்திய அணியிற் புகுந்த அவர், 1977 வரை 27 டெஸ்டு ஆட்டங்கள் ஆடினார். எடுத்த ஓட்டங்கள் 1068. வீழ்த்திய விக்கெட்டுகள் 18. இவ்வளவே கூறின், நடுத்தர ஆட்டக்காரர் என்று தள்ளிவிடலாம். ஆனால் அவர் பிடித்த பந்துகள் 53! ஆட்டத்திற்கு ஏறக்குறைய இரண்டு. பந்து பிடிப்பதிற் பெரும்புகழ் பெற்ற ஆஸ்திரேலியராகிய பாப் சிம்சன் 62 ஆட்டங்களிற் பிடித்தவை 110 என்பதை ஒப்பிட்டுக் காண்க.

அவர் நின்ற இடம் பார்வர்டு ஷார்ட் லெக். மட்டையாளருக்குச் சில அடி தொலைவே. தலைக்கவசம் வழக்கில் வராத காலம் அது. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம் சென்னை வேங்கடராகவன் ஆகிய நால்வரும் சுழற்பந்து எறிவர். அங்கே ஆளில்லையெனின் மட்டையாளர் அச்சமின்றி முன்காலை நீட்டித் தடுத்துக்கொண்டே பொழுதைப் போக்கிவிடலாம். ஆளிருந்தாலோ, மட்டையின் ஓரத்தில் உராய்ந்து எழும் பந்து ஒவ்வொன்றும் அவருக்கு யமனாகும். அந்தத் தயக்கத்தாலேயே பிழை செய்வார். ஆகவே பிடித்த 53 மட்டுமன்று, அவர் நின்றமையாற் பிறர் கணக்கில் ஏறிய விக்கெட்டுகள் எத்தனையோ! சோல்கர் இல்லையேல் தாங்கள் அத்தகைய பந்தெறிவோராய் இருந்திரோம் என்று பேடியே ஒப்பியுள்ளார்.

1971 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் நிகழ்ந்ததைக் கேண்மின். ஆலன் நாட் என்பார் முதல் இன்னிங்ஸில் 90 ஓட்டம் எடுத்து இந்தியரை வருத்தியவர். இரண்டாவதில் அவர் ஓர் ஓட்டமே எடுத்திருந்தபோது, வேங்கடராகவன் எறிந்த பந்து மட்டையிற் பட்டு எழுந்தது. சோல்கர் முன்னே பாய்ந்து, உடல் முழுதும் புல்லிற் படிய, அதைப் பற்றினார். இங்கிலாந்து 101 ஓட்டங்களில் முடிந்தது; அந்நாட்டு மண்ணில் இந்தியா முதன்முறை டெஸ்டு வென்றது. 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டு வீழ்த்திய சந்திரசேகரை உலகம் கொண்டாடியது. கொண்டாடுக, யாம் குறை கூறவில்லை. புறநானூற்றுப் புலவர் வீரனைப் பாடுங்கால் அவனுக்கு வேல் செய்தளித்த கொல்லனையும் மறந்திலர் என்பதை மட்டும் நினைவூட்டுகின்றோம்.

அமெரிக்கர் ஆடும் பேஸ்பாலில் இக்குறை பெரிதும் இல்லை. உட்களத்தில் நிற்பவர் பந்தைத் தடுத்தெறிந்து எதிரியை வீழ்த்தத் துணைபுரிந்தால் அது அவர் பெயரிலேயே பதிவாகும். தவறவிட்டால் அப்பிழையும் பதிவாகும். 1957 முதல் தங்கக் கையுறை என்னும் பரிசிலும் உண்டு. அதனைப் பதின்மூன்று முறை பெற்ற ஆஸி ஸ்மித், 2002-இல் அவ்வாட்டத்தின் புகழ்மன்றத்திலேயே இடம்பெற்றார். பந்தை அடித்த புகழைவிடத் தடுத்த புகழே அவருக்குப் பெரிது.

"தடுப்பது எவர்க்கும் இயல்வதே, இதற்குப் பரிசில் எதற்கு?" என்பர் சிலர். எவர்க்கும் இயலுமாயின், அவ்விடத்தில் நிற்க அணித்தலைவர் ஆள் தேடுங்கால் மூத்த மாணவர் யாவரும் வேறு திசை நோக்குவானேன்? புதிதாய்ச் சேர்ந்தவரையே அங்கு நிறுத்துகின்றனர். சென்ற ஆண்டு எம் விடுதித் தோழர் ஒருவர் அவ்வாறு நின்று இரு பந்துகளைப் பிடித்து, விரல் வீங்கித் திரும்பினார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் வெற்றிச் செய்தி இருந்தது. அவர் பெயர் இல்லை.

பிரெஞ்சு ஆட்சியில் 1954 வரை இருந்த நம் புதுவை, ரஞ்சிக் கோப்பைப் போட்டியிற் புகுந்தது 2018–19 பருவத்திலேதான். பழைய வழக்கம் என்று காத்துக்கொள்ளத்தக்கது இவ்வாட்டத்தில் நமக்கு மிகுதியில்லை. ஆதலின் வரும் ஆண்டிலேயே மூன்றாவது கிண்ணம் ஒன்று வைக்க நம் ஆசிரியரையும் பழைய மாணவரையும் வேண்டுகின்றோம். பிடித்தவை, தடுத்தவை, தவறவிட்டவை மூன்றையும் எழுத ஒரு குறிப்பேடு போதும். அதனை ஓட்டப் பலகையருகே அமர்ந்து எண்மாற்றும் இளைஞரிடமே ஒப்படைக்கலாம். அவர்கள் எப்படியும் ஒவ்வொரு பந்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றனர்.