ஏலத்துல தோத்தவன் பணத்தைத் திருப்பித் தரணுமில்லீங்களா?

மஞ்சள் காட்டுல களை எடுக்க ஆள் கிடைக்காம நான் படற பாட்டை முன்னாடியே எழுதியிருக்கேன். அதைப் படிச்ச டவுன் நண்பர் ஒருத்தர், "ஒரு பவர் வீடர் வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சதே" என்று கேட்டார். வாங்கத்தாங்க போனேன். வாங்கப் போய்த்தான் 3,998 ரூபாயை விட்டுட்டு வந்தேன். நாலு மாசமா இதை எழுதாததுக்குக் காரணம் வெட்கம்தான். இப்போ எழுதறதுக்குக் காரணம், அந்த வெட்கத்தை வெச்சுத்தான் அவங்க பொழைக்கறாங்கன்னு புரிஞ்சதுதான்.

முதல்ல எங்க ஊர் ஏலத்தைப் பத்திச் சொல்றேன். குட்டையில மீன் பிடிக்கற உரிமைக்கு வருசத்துக்கு ஒரு தடவை ஏலம் விடுவாங்க. கலந்துக்கறவன் டேவணி கட்டணும். ஏலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் எழுந்து நின்னு எல்லா நிபந்தனையையும் தமிழ்ல சத்தமா வாசிப்பார். எவ்வளவு டேவணி, எத்தனை நாளைக்குள்ள முழுப் பணம் கட்டணும், கட்டலைன்னா என்ன ஆகும், எல்லாம் அதுல வந்துடும். காது கேக்காத பெரியவர் இருந்தா பக்கத்துல இருக்கறவன் திருப்பிச் சொல்லுவான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் முடிஞ்சதும் தோத்தவங்களை வரிசையா கூப்பிட்டு டேவணியை எண்ணிக் கையில குடுத்துடுவாங்க. தோத்தவன் கையில பணம் வந்த பிறகுதான் ஜெயிச்சவனுக்கு டீ.

எங்க ஏலத்துல தப்பே நடக்காதுன்னு சொல்ல மாட்டேன். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல மஞ்சளைக் கொண்டுபோய்க் கொட்டினா, வியாபாரிங்க தங்களுக்குள்ள பேசி வெச்சுக்கிட்டு விலையை ஏத்தாம விடற நாளும் உண்டு. ஆனா அவங்க முகம் தெரியும். "இந்த விலைக்கு வேண்டாம்"னு மூட்டையை மறுபடியும் வண்டியில ஏத்திக்கிட்டு வரலாம். ஏலத்துக்குப் போனதுக்காக மாசா மாசம் ஒருத்தன் என் பையில கையை விட மாட்டான்.

ஆடி மாசம் போன்ல ஒரு விளம்பரம் வந்தது. பழைய விவசாயக் கருவிகள், கடன் கட்டாம ஜப்தி பண்ணின வண்டிகள், எல்லாம் ஆன்லைன்ல ஏலம்னு போட்டிருந்தாங்க. அதுல ஒரு பவர் வீடர், ஆரம்ப விலை 9,000 ரூபாய். புதுசு வாங்க மானியம் இருக்குதுங்க, இல்லேன்னு சொல்லலை. மானியம் போக நம்ம பங்குக்கே கையில பணம் இல்லையே. படத்துல அந்த மிஷினுக்குப் பின்னாடி ஒரு கிழிஞ்ச சாக்கு, ஒரு வேப்பமரம். நம்ம காட்டுல எடுத்த படம் மாதிரியே இருந்தது. அதுலயே மனசு விழுந்துடுச்சு.

மேல சிவப்பு எழுத்துல ஒரு கடிகாரம் ஓடிக்கிட்டிருந்தது. இன்னும் 3 நிமிசம். ஏலத்துல சேர 1 ரூபாய் கட்டிப் பதிவு பண்ணுங்கன்னு பெரிய பச்சைப் பட்டன். ஒரு ரூபாய்தானேன்னு அழுத்தினேன். பின் நம்பர் கேட்டது, போட்டேன். 9,500 கேட்டேன். அடுத்த நொடி யாரோ 10,000. நான் 10,500 கேட்டேன், உடனே 11,000. நான் 12,000 வரைக்கும் போய் நிறுத்திட்டேன். சரி, நமக்குக் குடுத்து வெக்கலைன்னு மாட்டுக்குத் தட்டுப் போடப் போயிட்டேன்.

மறுநாள் பார்த்தா அதே மிஷின், அதே கிழிஞ்ச சாக்கு, அதே வேப்பமரம், அதே 3 நிமிசம். ஏலம் எடுத்தவன் ராத்திரியே திருப்பிக் குடுத்துட்டானோ என்னமோ! எதிர்ல விலை கேட்டது மனுசனா மிஷினான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். முடிஞ்சதுன்னு நினைச்சேன். முடியலைங்க.

புரட்டாசி பொறக்கறப்போ புண்ணாக்குக் கடைக்குப் பணம் அனுப்பப் பார்த்தா கணக்குல இருப்புக் குறையுது. பால் பணம் வந்திருக்குது, ஆனா எங்கேயோ போயிருக்குது. கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பார்க்கற என் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். அவன் வந்து பார்த்துட்டுச் சொன்னான்: "மாமா, நீங்க ஒரு ரூபாய் கட்டினப்பவே ஆட்டோபேவுக்குச் சம்மதம் குடுத்திருக்கீங்க. ஏழு நாள் இலவசம், அப்புறம் மாசம் 1,999 ரூபாய் உறுப்பினர் கட்டணம். ரெண்டு மாசம் எடுத்துட்டாங்க."

எங்க ஊர்ல களை எடுக்க வர்ற ஒரு ஆளுக்கு 400 ரூபாய் கூலி. 3,998 ரூபாய்னா பத்து ஆள் கூலி. காட்டுல அத்தனை களையையும் விட்டுட்டு என் பையில களை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

பேங்குக்குப் போனேன். அந்த அதிகாரி மரியாதையாத்தான் பேசினார். "ஐயா, பின் நம்பர் நீங்கதானே போட்டீங்க?" "ஆமாங்க." "பணம் எடுக்கறதுக்கு முந்தின நாள் உங்களுக்கு மெசேஜ் வந்திருக்குதே, பார்க்கலையா?" எடுத்துப் பார்த்தேன். வந்திருக்குது. இங்கிலீஷ்ல. லோன் வேணுமா, ரம்மி ஆடறீங்களான்னு தினம் வர்ற இருபது மெசேஜுக்கு நடுவுல கிடக்குது.

இங்கேதான் எல்லாரும் சொல்ற வார்த்தை வரும்: "படிக்காம ஏன் அழுத்தினே?" தப்பு என் மேலயும் இருக்குதுங்க, ஒத்துக்கறேன். பின் நம்பர் போடற இடத்துலயே கீழே மாசாந்திரத் தொகை போட்டிருந்திருக்குது. நான் ஒரு ரூபாயை மட்டும்தான் பார்த்தேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். ஒரு ரூபாயைக் கட்டை விரல் தண்டிக்கும் 1,999-ஐ எள்ளு தண்டிக்கும் எழுதினது யாரு? படிக்க நேரம் குடுக்காம மூணு நிமிசக் கடிகாரத்தை மேல கட்டித் தொங்க விட்டது யாரு? அக்கா மகன் தன் போன்ல அதே பக்கத்தைத் திறந்து, பின் நம்பர் போடறதுக்கு முன்னாடி வரைக்கும் போய் ஒவ்வொண்ணா படம் எடுத்தான். உறுப்பினர் ஆகச் சம்மதம்ங்கற கட்டத்துல அவங்களே டிக் போட்டு வெச்சிருக்காங்க. நான் வாயே திறக்கலை, என் பேர்ல அவங்களே "சரி" சொல்லிக்கிட்டாங்க.

அது சட்டப்படி தப்புங்கறது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. 2020-ல வந்த மின் வணிக விதிகள்ல, வாங்கறவரோட சம்மதத்தை இப்படி முன்கூட்டியே டிக் போட்டு வாங்கக் கூடாதுன்னு தெளிவா இருக்குது. குறை கேக்க ஒரு அதிகாரியை வெக்கணும், 48 மணி நேரத்துக்குள்ள புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும்னும் இருக்குது. 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாத்து வடிவமைப்புன்னு 13 வகையைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்குது. பொய் அவசரம் காட்டறது அதுல ஒண்ணு. சுலபமா உள்ளே விட்டு, வெளியே போக முடியாம மாட்டி வெக்கற சந்தாப் பொறி இன்னொண்ணு. எனக்கு நடந்தது ரெண்டும் பேர் வெச்ச குத்தம். நான்தான் அதை என்னோட முட்டாள்தனம்னு நினைச்சுக்கிட்டு வீட்டுல கூடச் சொல்லாம முழுங்கிக்கிட்டு இருந்திருக்கேன்.

என்ன பண்ணினோம்னு வரிசையா சொல்றேன், யாருக்காவது உதவும். முதல்ல, பணம் கட்டற ஆப்புலயே ஆட்டோபேங்கற இடத்துக்குப் போய் அந்தச் சம்மதத்தை ரத்து பண்ணினோம். இதுக்கு அந்தக் கம்பெனியோட அனுமதி வேண்டியதில்லை. ரெண்டாவது, கம்பெனி அதிகாரிக்கு மெயில். எந்தத் தேதி, எவ்வளவு, எந்த விதிப்படி தப்பு, பணத்தைத் திருப்பி அனுப்புங்க. அவ்வளவுதான், திட்டு ஒண்ணும் இல்லை. படங்களையும் சேர்த்து அனுப்பினோம். மூணாவது, பேங்குல எழுத்து மூலமா புகார் குடுத்து நம்பர் வாங்கினேன். 30 நாள்ல பதில் இல்லைன்னாலோ, பதில் சரியில்லைன்னாலோ ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளருக்குப் போக வழி இருக்குது. நாலாவது, 1915-க்குப் போன். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ்லயே பேசலாம்ங்க. யாரோ உங்களை ஏமாத்திப் பணத்தையே திருடிட்டாங்கன்னா அது வேற, அதுக்கு உடனே 1930-க்குக் கூப்பிடணும்.

கம்பெனியில இருந்து முதல் பதில் வந்தது. நிபந்தனைகளை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள், கட்டணம் திரும்பத் தரப்படாது. 1915-ல பதிவான பிறகு ரெண்டாவது பதில் வந்தது. நல்லெண்ண அடிப்படையில ஒரு மாசக் கட்டணம் 1,999 ரூபாயைத் திருப்பித் தர்றாங்களாம். பணமும் வந்துடுச்சு.

அந்த "நல்லெண்ணம்"ங்கற வார்த்தைதாங்க எனக்குச் சுருக்குன்னு தைச்சது. என் பணத்தை எனக்கே பிச்சை போடற மாதிரி. ரெண்டு மாசமும் ஒரே பொய்யாலதானே எடுத்தீங்க? பாதி பொய்க்கு மட்டும் எப்படி நல்லெண்ணம் வரும்?

அன்னைக்கு ராத்திரிதான் வீட்டுக்காரம்மாகிட்டச் சொன்னேன். திட்டு வாங்கத் தயாரா இருந்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஏலத்துல தோத்தவனுக்குப் பணத்தைத் திருப்பிக் குடுக்கறதுதானுங்களே முறை? மிச்சத்தையும் கேளுங்க" என்றாள். நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம். நாமளே போய்ப் பேசலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. மனு எழுதிக்கிட்டிருக்கேன். 1,999 ரூபாய்க்கு இத்தனை அலைச்சலான்னு கேப்பீங்க. அந்தக் கேள்வியை நம்பித்தான் அந்தத் தொகையையே வெச்சிருக்காங்க. சண்டை போடற அளவுக்குப் பெருசும் இல்லாம, ஆளுக்கு ஒண்ணா சேர்த்தா சின்னதும் இல்லாம.

சட்டம் இருக்குது. ஆனா அது என்கிட்ட வந்து சேரலை. மாசாமாசம் பணம் எடுக்கறதுக்கு முந்தின நாள் சொல்லணும்னு விதி இருக்குதுன்னா, அது எனக்குப் புரியற பாஷையில சொல்லணும்னும் இருக்கணும். ரேசன் கடை மெசேஜ் தமிழ்ல வருது. என் பணத்தை எடுக்கப் போற மெசேஜ் ஏன் தமிழ்ல வரக் கூடாது? எத்தனை அழுத்துல உள்ளே போனேனோ அத்தனை அழுத்துல வெளியே வர விடணும். இதுக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. எங்க ஊர்க் குட்டை ஏலத்துல இருக்கற நாணயம் போதும்.

கடைசியா உங்ககிட்ட ஒண்ணு. அக்கா மகன் அந்தப் படங்களை எடுத்துக்கிட்டிருக்கறப்போ திடீர்னு கை நின்னுடுச்சு. "மாமா, போன வருசம் எங்க ஆபீஸ்ல ஒரு கம்பெனிக்கு இதே மாதிரி பட்டன் நாங்களும் பண்ணிக் குடுத்தோம். எத்தனை பேர் அழுத்தறாங்கன்னு மட்டும்தான் மீட்டிங்ல பேசுவோம். அழுத்தறது யாருன்னு நான் நினைச்சதே இல்லை" என்றான். அப்புறம் ரொம்ப நேரம் பேசலை.

அந்தப் பட்டனை எழுதறது வெளிநாட்டுக்காரன் இல்லைங்க. நம்ம பிள்ளைங்கதான். சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் பெங்களூர்லயும் உக்காந்துக்கிட்டு எழுதறாங்க. உங்கள்ல யாராவது அந்த வேலையில இருந்தா, அடுத்த தடவை ஒரு கட்டத்துல முன்கூட்டியே டிக் போடச் சொன்னா, "இது விதிப்படி தப்புங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. அந்தப் பக்கம் அதை அழுத்தப் போறது யாரோ இல்லை. உங்க மாமாவா இருக்கலாம்.

பவர் வீடர் இன்னும் வாங்கலை. இந்த வருசமும் கைக்களைதான்.