விழுந்ததை மறைக்கும் பெரியவர்கள்

நடுநிசியில் சிறுநீர் கழிக்க எழுந்த பெரியவர், விளக்கைப் போட்டால் பிள்ளைகளின் உறக்கம் கெடுமே என்ற தாட்சண்யத்தால் இருட்டிலேயே சுவரைத் தடவிக்கொண்டு போய், கழிப்பறை வாசலில் சறுக்கி விழுந்து, வலியினும் மானத்துக்கே அஞ்சி எப்படியோ எழுந்து படுக்கைக்குத் திரும்பி, காலையில் இடுப்புக்குத் தைலம் தடவுவதைக் கண்ட மகனிடம் "வாயுப்பிடிப்பு" என்று சொல்லிவிடுவது நம் வீடுகளில் அபூர்வ சம்பவம் அன்று. அவருக்குச் சர்க்கரை வியாதியும் இருக்குமானால் அந்தப் பொய் அபாயகரமானது.

நாட்பட்ட நீரிழிவு முதலில் அபகரிப்பது பாதத்தின் ஸ்பரிச உணர்வை. பஞ்சின்மேல் நடப்பது போலிருக்கிறது என்பார்கள். செருப்பு கழன்றதை அறியாமலே நாலடி நடந்துவிடுவார்கள். தரை எங்கே இருக்கிறதென்ற செய்தியைக் கால் மூளைக்கு அனுப்பத் தவறும்போது கண் அக்குறையை ஓரளவு ஈடு செய்கிறது. விழித்திரையும் பழுதுபட்டு இருளும் சூழ்ந்தால் அந்த ஆதாரமும் போய்விடுகிறது. எழுந்து நிற்கையில் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நரம்புகளும் இவ்வியாதியால் கெடுவதுண்டு. புராஸ்டேட் வீக்கத்துக்கு ஆண்கள் உட்கொள்ளும் மருந்துகளில் சில அவ்வழுத்தத்தை மேலும் இறக்குகின்றன. இன்சுலினோ மாத்திரையோ அளவு மிஞ்சிச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால், கைகால் நடுங்கிப் பிரக்ஞையே தடுமாறுகிறது. பரிசோதனையில் அடர்த்தி குறையாததாகத் தோன்றும் எலும்புகூட இவர்களுக்கு எளிதில் முறிவது இன்னும் கொடுமை.

இத்தனை இருந்தும், வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு என்று கேட்கும் நாம், விழுந்தீர்களா என்று கேட்பதில்லை. தளர்ந்த வயோதிகருக்குச் சர்க்கரையை வாலிபனுக்குரிய அளவில் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை என்பது மருத்துவர்கள் ஒப்பிய கொள்கை. விழுந்த செய்தி தெரிந்தாலன்றோ அவர்கள் மருந்தின் அளவை மறுபரிசீலனை செய்ய முடியும்?

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் உரிய மாத்திரைகள் இன்று வீட்டு வாசலுக்கே வருகின்றன. இயன்முறை மருத்துவமும் வருகிறது. அவ்வாறு வருபவர், படுத்த நிலையில் ஒருமுறையும் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறுமுறையும் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, மேல் அளவு 20 அல்லது அதற்குமேல் இறங்கினால் மருத்துவரிடம் தெரிவிக்கட்டும்; 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று அறியட்டும். இவற்றுக்குப் பெரும் செலவில்லை. கற்பிக்கவும் நெடுநாள் ஆகாது. ஆகவே இவற்றை அத்திட்டத்தின் நித்திய கடமையாக்க வேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்துகிறேன்.

"இந்த வருஷம் எங்கேயாவது விழுந்தீர்களா ஐயா?" என்ற கேள்வியையும் அவர் மறவாமல் கேட்க வேண்டும். மகனும் மருமகளும் சூழ நிற்கையில் கேட்டால் "இல்லை" என்ற பதிலே வரும். பெரியவரைத் திண்ணைக்கு அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, தனியாகக் கேட்க வேண்டும்.