புலமும் பெயரும்

சில நூறு பேருடைய விபரங்களில் ஒரு தலைப்பின் பெயரை மாற்றுவதற்கு எவ்வளவு நேரஞ் செல்லும் என்று வாசகர் எவரேனும் சென்ற ஆண்டு எம்மை வினவியிருப்பின், “தேநீர் ஆறுமுன் முடிந்துவிடும்” என்று சற்றுச் செருக்கோடே விடை பகர்ந்திருப்போம். இன்று அவ்வாறு கூற நா எழவில்லை. பிழை எம்முடையதாகையால் அதனை ஒளியாது கூறுதலே முறை.

வவுனியாவிலே நாமும் நண்பர் சிலரும் வன்னி மாணவர்க்குச் சிறியதோர் உதவித்தொகை வழங்கி வருகின்றோம். 2010ஆம் ஆண்டில் எமக்குக் கிடைத்த முதல் விண்ணப்பங்கள் செட்டிகுளத்து மெனிக் பாமிலிருந்து வந்தவை. “முகவரி” என்று நாம் கேட்ட இடத்தில் ஊர்ப்பெயர் எதுவுமில்லை. வலயமும் கூடார இலக்கமுமே எழுதப்பட்டிருந்தன. (அவ்வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம் என்று பெரியோர் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். அரச கடிதங்களில் அவை “நலன்புரி நிலையங்கள்”. உள்ளே இருந்தவர் வாயில் முகாம்.) 2012 செப்டெம்பரில் அவ்விடம் மூடப்பட்ட பின்னர் விண்ணப்பத்தாளைத் திருத்தி, “நிரந்தர முகவரி”, “தற்காலிக முகவரி” என இரண்டாகக் கேட்டோம். முன்பு விண்ணப்பித்த பிள்ளைகள் பலர் மீண்டும் எழுதித் தந்தனர்.

இவற்றையெல்லாம் எமது பழைய மாணவர் ஒருவர் கணினியில் ஏற்றினார். அவர் தெரிந்துகொண்டது மொங்கோடிபி என்னும் ஆவணத் தரவுத்தளம். பாடசாலை இடாப்பைப் போலக் கோடிட்டு நிரல் பிரித்த ஏடன்று அது. ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். ஒவ்வொரு தாளுக்கும் தனக்கு வேண்டிய தலைப்புகள். ஒருவர் தாளில் “முகவரி” இருக்கலாம், மற்றவர் தாளில் “நிரந்தர முகவரி” இருக்கலாம், வேறொருவர் தாளில் இரண்டும் இருக்கலாம். எதனையும் அது மறுப்பதில்லை. நாளும் வடிவு மாறிய எமது விண்ணப்பங்களுக்கு அவ்விரிந்த மனம் மிக வசதியாகவே இருந்தது. அது முதன்முதல் வெளியானதும் 2009ஆம் ஆண்டிலேதான். அதனை ஆக்கிய நிறுவனமே 2013இல் டென்ஜென் என்ற தன் பெயரை விடுத்து மொங்கோடிபி என்று மாற்றிக்கொண்டது.

இத்தலைப்புகளைக் கணினி நூலார் “புலம்” என்பர். புலம் பெயர்ந்தோருடைய தாள்களிலே புலத்தின் பெயரை மாற்றப் புகுந்தோம். “இருவகைத் தலைப்பு எதற்கு, ஐயா? ‘முகவரி’ என்பதை எல்லாம் ‘நிரந்தர முகவரி’ ஆக்கிவிடுவோமா?” என்றார் மாணவர். ஒழுங்கை விரும்புவது ஆசிரியரின் பிறவிக் குணம். தலையசைத்தோம். அவர் “ரீநேம்” என்னும் ஒற்றைக் கட்டளையை எல்லாத் தாள்களுக்கும் இட்டார். நொடியில் முடிந்தது. தேநீர் ஆறவில்லைதான்.

மறுவாரம் கடித உறைகளை அச்சிட்டபோது சில உறைகள் வெறுமையாக வந்தன. உறை அச்சிடும் நிரல் இன்னமும் “முகவரி” என்ற பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. நிரல் பிரித்த தரவுத்தளமாயின் “அப்படியொரு நிரல் இல்லை” என்று கூச்சலிட்டிருக்கும். ஆவணத் தரவுத்தளமோ இல்லாததைக் கேட்டாலும் குற்றமென்று கொள்ளாது. ஒன்றுமில்லை என்று அமைதியாகக் கையை விரிக்கும். அதைச் சிரித்துக்கொண்டே திருத்தினோம்.

சில மாதங்களின் பின் ஒரு தாயார் வந்தார். மகளின் உத்தியோக விண்ணப்பத்துக்காக நாம் கொடுத்த அத்தாட்சிக் கடிதம் அவர் கையில் இருந்தது.

“ஐயா, இதில எங்கட நிரந்தர விலாசம் எண்டு மெனிக் பாமைப் போட்டிருக்கிறியள். நாங்கள் கேப்பாப்புலவு ஆக்களெல்லோ?”

வாசகர் அறிவர்: 2012இல் மெனிக் பாமிலிருந்து இறுதியாக வெளியேறியோருள் கேப்பாப்புலவு மக்களும் அடங்குவர். அவ்வூர் நிலங்கள் படையினர் வசமிருந்தமையால், அவர்களைச் சொந்த ஊரிலன்றிச் சீனியாமோட்டையிலே கொண்டுபோய் இறக்கினார்கள். அவ்வேளையிலும் அத்தாயார் எமது தாளில் “தற்காலிக முகவரி” என்ற இடத்தில் இருந்த இடத்தையும், “நிரந்தர முகவரி” என்ற இடத்தில் கேப்பாப்புலவையும் பிரித்தே எழுதுவித்திருந்தார். போக முடியாத ஊரை நிரந்தரம் என்று எழுதுவதற்கு ஒரு துணிவு வேண்டும். அந்த வரியைத்தான் காணவில்லை.

எப்படிப் போயிற்று? “ரீநேம்” கட்டளையின் இயல்பு அது. ஒரு தாளில் புதிய பெயரிலே முன்னரே ஒரு புலம் இருந்தால், அதனை நீக்கிவிட்டுப் பழைய புலத்தை அவ்விடத்தில் அமர்த்திவிடும். கேளாது, எச்சரியாது. இரண்டும் இருந்த தாள்களிலெல்லாம் ஊர் அழிந்து, கூடார இலக்கம் அதன் ஆசனத்தில் ஏறியிருந்தது. கட்டளையிடுமுன் நகல் எடுத்தீரா என்று மாணவரைக் கேட்டோம். அவர் எம்மைப் பார்த்தார். எடுக்கச் சொல்லி நாமும் கூறவில்லை.

முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். அதற்கு முன்னர் பிறந்தோரின் பத்திரத்தில் வவுனியா மாவட்டம் என்று கண்டால் எவரும் பிழை என்பதில்லை; அது அக்காலத்து உண்மை. கூடார இலக்கமும் அவ்வாறே 2010இன் உண்மை. அதனை அழிக்கவும் வேண்டியதில்லை, ஊராக்கவும் வேண்டியதில்லை. இப்போது அப்புலத்துக்கு “முகாம் முகவரி” என்று பெயரிட்டுள்ளோம். பெயர் மாற்றுமுன் நகல் எடுத்தோம். அப்பெயரில் ஏதும் இல்லாத தாள்களுக்கு மட்டும் என நிபந்தனையிட்டோம். பழைய பெயரைத் தேடும் நிரல்களையும் முதலில் திருத்தினோம். இம்முறை ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது.

அழிந்த ஊர்ப்பெயர்கள் கடதாசி விண்ணப்பங்களிலே உள்ளன. அலுமாரியின் கீழ்த்தட்டில், கறையான் தொட்டும் தொடாததுமாகக் கிடந்த கோவையில் அத்தாயாரின் தாளை அன்றே கண்டெடுத்துப் புதிய கடிதம் கொடுத்தோம். அவர் வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்து, “கேப்பாப்புலவுக்கு ‘ப்’ போட்டிருக்கிறியள், சரி” என்று மடித்துக்கொண்டார். எஞ்சிய கோவைகளை ஞாயிறுதோறும் புரட்டி வருகின்றோம். இரண்டு தட்டுகள் முடிந்தன.