கையால் செய்தால்தான் கட்டுப்பாடா?

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெலிவரி மேனேஜர். நானும் அதே துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் பேச்சு வேலைப் பக்கம் போயிற்று. அவர்களுடைய ஜாவா அப்ளிகேஷன் ஒன்றை இன்னமும் கையால்தான் சர்வரில் ஏற்றுகிறார்களாம். ஏன் என்று கேட்டேன். "ஸ்கிரிப்ட்ல விட்டா கன்ட்ரோல் போயிடும் சார். ஆள் செஞ்சாத்தான் பொறுப்பு இருக்கும்" என்றார். பாயசம் வந்துவிட்டதால் அங்கே விட்டுவிட்டேன். இங்கே விடுவதாக இல்லை.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக நாலு வரி. பெரிய ஜாவா அப்ளிகேஷன் என்பது ஒற்றைப் புரோகிராம் அல்ல. நூற்றுக்கணக்கான மூலக் கோப்புகளை கம்பைல் செய்து, ஜார், வார் என்று தனித்தனிக் கோப்புகளாகக் கட்டி, எல்லாவற்றையும் ஓர் இயர் கோப்புக்குள் வைத்து, வெப்லாஜிக், வெப்ஸ்பியர் மாதிரியான சர்வரில் ஏற்ற வேண்டும். முதல் பாதி பில்டு, அடுத்த பாதி டிப்ளாய்மென்ட். எப்படிச் செய்வது என்று முதல் தடவை தீர்மானிப்பதோடு யோசனைக்கு வேலை முடிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் அதையே இம்மி பிசகாமல் செய்ய வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மனிதனிடம் கொடுக்கக் கூடாத வேலை இது.

அந்தப் 'பொறுப்பு' எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ரிலீஸ் என்றால் நாற்பது பக்க வேர்டு டாக்குமெண்ட். படிக்குப் படி கன்சோலின் ஸ்கிரீன்ஷாட். எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். கன்சோலின் பதிப்பும் மாறிவிட்டதால் படத்தில் இருக்கும் பட்டன் திரையில் இருக்காது. சனிக்கிழமை விடியற்காலை இரண்டு மணிக்கு, வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆன ஒரு பையன் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். டெஸ்ட் டேட்டாபேஸின் முகவரி இருந்த கோப்பு புரொடக்‌ஷனுக்குப் போய்விட்டது. இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர், ஃபோல்டர்தான் வேறு. திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதல் கேள்வி, "யார் செய்தது?" இதை ஏன் ஒரு ஆள் கையால் காப்பி செய்துகொண்டிருக்கிறான் என்று நான் கேட்டதற்கு, "அதை அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அந்த வருஷம் பையனுக்கு இன்கிரிமென்ட் இல்லை. டாக்குமெண்டில் மட்டும் 'சரிபார்த்தவர் கையெழுத்து' என்று ஒரு கட்டம் கூடிற்று. கட்டுப்பாடு என்று இவர்கள் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். தவறு நடந்தபின் யார் தலையில் கட்டுவது என்று பார்க்க உதவும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்குத் தரகு நிறுவனத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2012 ஜூலை கடைசியில் எட்டு சர்வர்களில் புது நிரலை ஏற்றினார்கள். ஒன்று விட்டுப்போயிற்று. 2003க்குப் பிறகு பயன்படுத்தாத பழைய நிரல் அதில் இன்னும் உட்கார்ந்திருந்தது. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு ஆர்டர்களை அனுப்பத் தொடங்கிற்று. பதற்றத்தில், சரியாக ஏற்றியிருந்த ஏழு சர்வர்களில் இருந்தும் புது நிரலைக் கழற்றினார்கள். நிலைமை இன்னும் மோசமாயிற்று. சுமார் 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள், 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை, அப்படிச் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதியும் இல்லை என்று பங்குச் சந்தை ஆணையம் 2013இல் உத்தரவு போட்டது. "பார்த்தீர்களா, இன்னொரு கையெழுத்து வேண்டும்" என்பார் நம் பந்தி நண்பர். எட்டு சர்வரின் பெயரையும் பட்டியலில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஏற்றி, எட்டிலும் ஒரே நிரல்தானா என்று செக்சம் ஒப்பிடும் ஸ்கிரிப்ட் ஒரு பக்கம்கூட வராது.

கருவி இல்லை என்றும் சொல்ல முடியாது. மேக் 1976இலேயே வந்துவிட்டது. (அதில் கட்டளை வரி டேப்பில் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் விழுந்தால் ஓடாது. பட்டவர்களுக்குத் தெரியும்.) ஜாவாவுக்கென்று ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய ஆன்ட் 2000இல் தனியாக வெளிவந்தது, 2004இல் மேவன் 1.0 வந்தது. வெப்லாஜிக்கை ஸ்கிரிப்டால் இயக்க டபிள்யூ.எல்.எஸ்.டி., வெப்ஸ்பியருக்கு டபிள்யூ.எஸ்.அட்மின், இரண்டுமே சர்வரோடு சேர்ந்தே வருகிறவை. நாற்பது பக்கத்துக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்கள் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

ஸ்கிரிப்டில் தவறு இருந்தால் எட்டு சர்வரிலும் ஒரே நொடியில் தவறு போகுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான், போகும். ஆனால் அந்தத் தவறு ஒரு கோப்பில் எழுத்தில் இருக்கிறது. டெஸ்ட் சர்வரிலேயே அகப்படும், திருத்தினால் திருத்தியபடியே நிற்கும். விடியற்காலை இரண்டு மணித் தவறுக்கு அந்தக் குணம் கிடையாது.

எனக்கு அதிகக் கோபம் அரைகுறைத் தானியங்கிகள் மேல்தான். "நாங்கள் ஜென்கின்ஸ் போட்டுவிட்டோம்" என்பார்கள். போய்ப் பார்த்தால் எல்லாக் கட்டளையும் ஜென்கின்ஸ் பக்கத்தின் ஒரு பெட்டிக்குள் தட்டெழுதியிருக்கும், வேறு எங்கும் நகல் இருக்காது. அந்த மெஷினின் டிஸ்க் போனால் எல்லாம் போயிற்று. 2016இல் ஜென்கின்ஸ் 2.0 வந்ததில் இருந்து அந்தப் படிகளை மூல நிரலோடு ஒரே இடத்தில் கோப்பாக வைக்கலாம், வைப்பதில்லை. இன்னொரு கூத்து, டெஸ்டுக்கு ஒரு பில்டு, புரொடக்‌ஷனுக்குப் புதிதாக ஒரு பில்டு. மேவனில் ஸ்னாப்ஷாட் என்று முடியும் பதிப்புகளின் உள்ளடக்கம் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்றாக இருக்கலாம். புதன்கிழமை சோதித்தது ஒன்று, வெள்ளிக்கிழமை வாடிக்கையாளருக்குப் போனது வேறொன்று. ஒரே தடவை கட்டி, அதே இயர் கோப்பை டெஸ்டில் இருந்து புரொடக்‌ஷன் வரை நகர்த்துங்கள். முகவரியும் கடவுச்சொல்லும் அதற்கு வெளியே இருக்கட்டும்.

இந்த வேலையில் இருக்கும் வாசகர்கள் ஒன்று செய்து பாருங்கள். காலியான ஒரு மெஷினை, நேற்று டீமில் சேர்ந்தவரிடம் கொடுங்கள். ரெபாசிட்டரி முகவரியைத் தவிர வேறெதுவும் சொல்லாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குள் டெஸ்ட் சர்வரில் அப்ளிகேஷன் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால், அவர் எந்த இடத்தில் நின்று யாருக்குப் போன் போட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை முதல் வேலையாக ஸ்கிரிப்டில் ஏற வேண்டியது அதுதான்.