'மற்றவை' என்ற கட்டம்

எந்தப் படிவத்தை எடுத்தாலும் கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம் இருக்கும். யோசிக்கச் சோம்பல்பட்டால் அதில் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சிறுதொழில் நடத்தும் நம் சங்க அன்பர்கள், முக்கியமாக ரசாயனப் பொருள் தயாரிப்பவர்கள், அப்படிச் செய்யக் கூடாது என்பது என் கருத்து.

2020 ஜூலையில் சிறு, குறுந்தொழில்களுக்கு உத்யம் பதிவு வந்தது. அதில் தேசியத் தொழில் வகைப்பாட்டு எண்ணைக் குறிப்பிட வேண்டும். 2008ஆம் ஆண்டு வகைப்பாட்டில் 20 என்றால் ரசாயனத் தொழில். 202 என்றால் 'பிற' ரசாயனப் பொருள்கள். 2029 என்றால் அந்தப் பிறவற்றிலும் வேறெங்கும் சொல்லப்படாதவை. 20299 என்றால் மிச்சத்திலும் மிச்சம்!

இந்த 2029இல் அடங்கியவை அற்பமானவையா? தீப்பெட்டி, பட்டாசு, பசை, வாசனைத் தைலம், எழுதும் மை எல்லாம் இதற்குள்தான். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்து சிவகாசியில் வளர்த்த தீப்பெட்டித் தொழிலும் இங்கேதான் இருக்கிறது. நான்கு இலக்கத்தோடு நின்றுவிடும் கணக்கில் தீக்குச்சியும் பசையும் மையும் ஒரே வரியில் வந்துவிடும். எது நலிகிறது, எது வளர்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்தாவது இலக்கத்தில்தான் அவை பிரிகின்றன. அந்த ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால், அந்தத் தொழிலின் கணக்கில் ஓர் ஆள் குறைந்துபோகிறார்.

நான் வேலை பார்த்த ரயில்வேயில் அபாயகரமான சரக்குகளுக்கென்றே 'ரெட் டாரிஃப்' என்று தனிப் புத்தகம் உண்டு. வெடிபொருள், தீப்பற்றும் திரவம், அமிலம் என்று வகைவகையாகப் பிரித்திருப்பார்கள். 'இதர சரக்கு' என்று எழுதிப் பட்டாசுப் பெட்டியை ஏற்ற முடியாது. எதன் பக்கத்தில் எதை வைக்கலாம், தீப்பிடித்தால் எதைக் கொண்டு அணைப்பது என்பதெல்லாம் சரக்கின் பெயர் தெரிந்தால்தானே தெரியும்? பெயரை மறைத்தால் விபத்து.

'மற்றவை' என்ற கட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பட்டியலும் முழுமையாகாது. எழுதும் மை தயாரிப்பவருக்கு 20299தான் சரியான எண். ஆனால் அச்சு மை தயாரிப்பவர் பெயிண்டோடு சேர்ந்து 2022இல் வருவார். சோப்புத்தூளும் ஊதுவத்தியும் 2023. பினாயில் போன்ற கிருமிநாசினி, சோப்போடு சேராமல் பூச்சிமருந்தோடு 2021இல் இருக்கிறது! ஊகித்து எழுதக் கூடிய விஷயமல்ல இது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஜி.எஸ்.டி. பில்லில் போடும் எச்.எஸ்.என். எண் வேறு, இந்த எண் வேறு. அது விற்கும் பொருளுக்கு, இது செய்யும் தொழிலுக்கு. அச்சு மை, எழுதும் மை இரண்டும் அங்கே 3215 என்ற ஒரே தலைப்பில் இருக்கின்றன, இங்கே தனித்தனி. ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் எழுதக் கூடாது.

உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் ஏஜெண்டிடம் பணம் கொடுத்து, அவர் "அதர்ஸ் போட்டுடறேன் சார்" என்றால் தலையாட்டிவிட்டு வருகிறோம். நாளை வங்கியில் சான்றிதழில் ஒரு தொழிலும் கொட்டகையில் வேறு தொழிலும் இருக்கக் கண்டால், விளக்கம் சொல்லி நிற்கப் போவது நீங்கள்தான், ஏஜெண்ட் அல்ல.

ஊர் விட்டு வந்த நம்மை 'மற்றவர்கள்' என்று ஒதுக்கினால் நமக்குக் கோபம் வருகிறது. நம் கைத்தொழிலை மட்டும் நாமே அந்தக் கட்டத்தில் தள்ளலாமா? கம்ப்யூட்டர் தெரிந்த நம் இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிறு சங்கத்தில் உட்கார்ந்து, தொழில் நடத்தும் பெரியவர்களுக்குச் சரியான எண்ணைத் தேடிக் கொடுக்கலாம். ஏற்கெனவே தவறாகப் பதிந்தவர்களும் அன்றே திருத்திக்கொள்ளலாம். செயற்குழு இதை யோசிக்க வேண்டும்.