கத்திக்குத் தப்பிய புற்று

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். அந்தக் கோட்டைக்கு வடக்கே, குன்றைக் குடைந்த ரங்கநாதர் கோயிலின் அடிவாரத்தில் இருக்கிறது சிங்கவரம். அங்கே நாற்று நடுகிற, கடலைக் கொல்லையில் களை வெட்டுகிற ஒரு பெண்ணுக்கு மார்பில் புற்று வந்தால் அவள் கதி என்ன?

கட்டியை வெட்டி எடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது என்று நம் ஜனங்கள் நம்புகிறார்கள். அப்படியல்ல, தோழர்களே! பணக்கார நாடுகளிலேயே, மார்பு முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றிக்கொண்ட பெண்களில் ஏறத்தாழ 5-ல் ஒருவருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கிறது. கத்திக்குத் தப்பிய புற்று உள்ளே தங்கிவிடுகிறது.

தங்கியிருப்பதைக் கண்டறிய எம்.ஆர்.ஐ. இயந்திரம் உதவுகிறது. பெரிய காந்தத்துக்குள் பெண்ணைக் குப்புறப் படுக்க வைத்து, நரம்பில் ஒரு மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். புற்று தனக்கென்று புதுப்புது ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும். அவை ஒழுகும் குழாய்கள். ஆகவே மருந்து அங்கே விரைந்து பாய்ந்து, விரைந்து வடிகிறது. படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரிகிறது. இந்த இயந்திரத்துக்கு வழிகோலியதற்காக 2003-ல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவரான பீட்டர் மான்ஸ்ஃபீல்ட், 15 வயதில் பள்ளியை விட்டு அச்சுத் தொழிலில் வேலைக்குப் போனவர். தொழிலாளிக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

ஆனால் இயந்திரத்தைச் சாமியாக்கிக் கும்பிடவும் வேண்டாம். ஆறிவரும் புண்ணிலும் புது ரத்தக் குழாய்கள் முளைக்கும். அதுவும் பளிச்சென்றே தெரியும். ஆபரேஷன் முடிந்த சில வாரங்களுக்குள் எடுத்த படம் வீண் பீதியைக் கிளப்பக்கூடும். கண்ணுக்கெட்டாத துணுக்குப் புற்றோ படத்தில் தப்பிவிடும்.

இதைவிட மலிவான வழி ஒன்று முன்னாலேயே இருக்கிறது. வெட்டியெடுத்த சதையின் வெளிப்புறம் முழுக்க மை தடவி, சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். மை பட்ட ஓரத்தைப் புற்று தொட்டிருந்தால், உள்ளே மிச்சம் இருக்கலாம் என்று பொருள். கொஞ்சம் மை, ஒரு மைக்ராஸ்கோப், பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டர்! இந்தச் சோதனை இல்லாமல் சதையைக் குப்பையில் போட்டுவிட்டு, "எல்லாம் எடுத்தாச்சு, போம்மா" என்று அனுப்புவது வைத்தியமா? வீட்டுப் பெண்களுக்கு ஆபரேஷன் நடந்தால், "ஓரம் சுத்தமா, டாக்டர்?" என்று கேளுங்கள், ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். கேட்பதற்கு நமக்குப் பாத்தியதை உண்டு.

சரி, படம் எடுத்தே தீரவேண்டும் என்கிறார்கள். சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு வந்து, பஸ் ஏறி, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகவேண்டும். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றால் 150 கிலோமீட்டருக்கு மேல். தன் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டு, 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. நாள் குறிக்க ஒரு பயணம், படத்துக்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்று. காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். அட்டை ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டும். போன கூலியைக் கட்டுமா? துணைக்கு வந்த புருஷனின் கூலியும் சேர்ந்தல்லவா போகிறது?

மில் தொழிலாளி போராடிப் பெற்ற இ.எஸ்.ஐ.யில் புற்றுநோய்க்கு நீடித்த நோய் உதவித்தொகை உண்டு. தகுதி பெற்றவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், 2 ஆண்டு வரை கிடைக்கும். களத்து மேட்டில் நிற்கும் பெண்ணுக்கு அதில் சல்லிக்காசு கிடையாது. இருவருக்கும் வருவது ஒரே புற்றுதானே! மில் சங்கத் தோழர்கள் இந்த அநியாயத்தைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கவேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் சிகிச்சைக் காலத்தில் கூலி இழப்பீடு வேண்டும். புற்று ஆபரேஷன் செய்யும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், சர்க்காரானாலும் தனியாரானாலும், ஓரச் சோதனை ரிப்போர்ட்டைத் தமிழில் எழுதி நோயாளி கையில் தரவேண்டும். மார்புப் படம் எடுக்கும் வசதி மாவட்டத்துக்குள்ளேயே, காசில்லாமல் கிடைக்கவேண்டும். அடுத்த கிராமக் கூட்டத்தில் இதை முதல் தீர்மானமாக வையுங்கள், பெண்களே முன்மொழியட்டும்.